பின்கதவைத் தட்டுகிறவர்

செத்துப்போன ஹரால்ட் ஓக்டனின் நாணயத்துக்குக் கடன் கம்பெனி போட்டிருந்த விலை நூற்றைம்பது பவுண்டு. சம்மதமென்றால் கீழே கையெழுத்துப் போட்டு, கூடவே வைத்திருக்கும் உறையில் திருப்பி அனுப்பினால் போதும். தபால் செலவுகூட அவர்களுடையது.

லொரெய்ன் ஃபார் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். முதல் முறை, அதில் சொல்லியிருந்ததற்காக. இரண்டாவது முறை, சொல்லாமல் விட்டதற்காக. துப்பறியும் தொழிலுக்கு வருமுன் பதினொரு வருஷம் வங்கியில் உட்கார்ந்து இதே சரக்கை விற்றவள் அவள். கடன் கேட்டு வருகிறவர் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் காப்பீட்டுக்கான ‘ஆம்’ கட்டத்தில் அவள் பேனா விழுந்திருக்கும். நோய் வந்தால், வேலை போனால், உயிர் போனால் தவணையை நாங்கள் கட்டுவோம் என்று சொல்லும் காப்பீடு அது. யாருக்கெல்லாம் கட்ட மாட்டோம் என்பது பின்பக்கத்தில், எறும்பு படிக்கும் அளவில் அச்சாகியிருக்கும்.

இப்படி ஏமாற்றி விற்ற காப்பீட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க நாடு முழுவதற்கும் 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள். அன்று 27, செவ்வாய்க்கிழமை. கிளெக்டன் நகரில் பந்தயக்கடைக்கு மேலே இருந்த லொரெய்னின் அலுவலக மாடிப்படி மூன்று மாதமாகப் பழைய கடன் பத்திரங்களைச் சுமந்து தேய்ந்துபோயிருந்தது.

“நூத்தம்பது நல்ல விலைதான்” என்றான் ஜன்னலோரம் நின்ற டெரெக். கீழேயிருந்த பந்தயக்கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதிவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று வேலையை விட்டு, மாடியேறி இவளிடம் உதவியாளனாகச் சேர்ந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரன். “போன மாசம் என் சோபாவுக்கு நாப்பதுதான் கேட்டாங்க. அதுல நான் உயிரோட உட்கார்ந்திருந்தேன்.”

“டெரெக்.”

“சாத்திட்டேன் மேடம், வாயை.”

எதிரே உட்கார்ந்திருந்த ப்ரெண்டா ஓக்டன் சிரிக்கவில்லை. எழுபத்தொரு வயது. நனைந்த கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

“காசுக்காக வரல கண்ணு. அவர் என்கிட்ட பொய் சொன்னாரா இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

விஷயம் இதுதான். 1993 ஜூனில் கூரை மாற்றுவதற்காக ஹரால்ட் வீட்டின்மேல் இரண்டாயிரத்து நானூறு பவுண்டு கடன் வாங்கினான். காப்பீட்டுக்கு அறுநூற்றுப் பதினொன்றைக் கம்பெனி தானாகவே மேலே ஏற்றிக்கொண்டது. எனக்கு ஏதாவது ஆனால் கடன் என்னோடு போய்விடும், வீடு உனக்கு நிற்கும் என்று ஹரால்ட் மனைவியிடம் சொன்னான். அடுத்த பிப்ரவரியில், ஆலைப் பஞ்சு அடைத்த நெஞ்சோடு செத்துப்போனான். ஏப்ரலில் கம்பெனி ஆள் வந்தான். நெஞ்சு நோய்க்கு இந்தக் காப்பீடு செல்லாது, அது உங்கள் கணவருக்குத் தெரியும், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார் என்றான். அக்டோபரில் வீடு போயிற்று.

“இருபத்தஞ்சு வருஷமா அந்தப் பேப்பரைக் கண்ணுல காட்டல. இப்ப நான் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நகல் அனுப்பியிருக்காங்க.” ப்ரெண்டா ஒரு தாளை நீட்டினாள். “அவர் கைதான். கடைசியில ஒரு வால் இழுப்பார். அந்த வாலும் இருக்கு.”

*எனக்கு நெஞ்சு நோய் இருப்பதையும், அதற்கு இக்காப்பீடு பொருந்தாது என்பதையும் முகவர் விளக்கக் கேட்டு அறிந்தேன்.* கீழே ஹரால்டின் கையெழுத்து. இடம்: வாடிக்கையாளர் இல்லம். நாள்: 5 ஜூலை 1993. சாட்சி: ஆர். சக்டன், வசூல் முகவர்.

“இந்த சக்டனை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“இல்ல. வாரா வாரம் வியாழக்கிழமை வசூலுக்கு வருவார். நான் பிஸ்கட் ஆலையில ஷிப்டுல இருப்பேன். ஹரால்டுதான் கொடுத்தனுப்புவார்.” கைப்பையின் பிடி இன்னும் இறுகியது. “இன்னொண்ணும் இருக்கு. சொன்னா கிழவிக்கு மூளை குழம்பிடுச்சும்பீங்க.”

“நான் டெரெக்கையே சம்பளம் கொடுத்து வச்சிருக்கேன். சொல்லுங்க.”

“ஆல்ஃப் என்ட்விஸில். ஹரால்டோட ஆலையில வேலை செஞ்சவர். அவருக்கும் இதே மாதிரி பேப்பர் வந்துச்சு. பழைய பத்திரத்தை எல்லாம் இலவசமா சரிபார்த்துக் கொடுக்கறேன்னு ஒரு கண்ணியமான ஆள் வரப்போறார்னு போன்ல சொன்னார். மறுநாள் மாடிப்படிக்குக் கீழே கெடந்தார். எண்பத்தொரு வயசு, கால்ல செருப்பு நழுவிடுச்சுன்னு போலீஸ் எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. ஆனா பத்திரமெல்லாம் போட்டு வச்சிருந்த நீல மிட்டாய் டப்பா, அதைக் காணோம்.”

டெரெக் ஜன்னலைவிட்டு நகர்ந்து வந்தான்.

“நேத்து எங்க வீட்டுக்கும் ஒருத்தர் வந்தார்” என்றாள் ப்ரெண்டா. “சாம்பல் கலர் மழைக்கோட்டு. ரொம்ப மரியாதை. பழைய தவணைப் புத்தகம் இருக்கான்னு கேட்டார். நாளைக்கு நாலு மணிக்கு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.”

“நாளைக்குன்னா?”

“இன்னைக்கு.”

சுவர்க்கடிகாரத்தில் மணி பன்னிரண்டாக இருபது நிமிடம் இருந்தது.

“எந்தப் பக்கமா வந்தார்? முன்கதவா, பின்கதவா?” என்றாள் லொரெய்ன்.

“பின்கதவுதான். காசால சமையல்கட்டு ஜன்னலைத் தட்டினார். எங்க தெருவுல முன்கதவை யார் கண்ணு திறக்கறா? கல்யாணத்துக்கும் சவப்பெட்டிக்கும்தான்.”

லொரெய்ன் கையை நீட்டினாள். “தவணைப் புத்தகம் இருக்கா?”

கைப்பையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம் வந்தது. வாரத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு முத்திரை, முத்திரைமேல் ஆர்.எஸ். என்ற சுருக்கெழுத்து. லொரெய்ன் விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். ஜூலை 1, வியாழன் என்ற இடத்தில் விரல் நின்றது. அந்த ஒரு கட்டத்தில் மூன்று முத்திரை. அடுத்த இரண்டு கட்டமும் காலி.

“இது என்ன? ஒரே நாள்ல மூணு தவணை?”

“வேக்ஸ் கண்ணு” என்றாள் ப்ரெண்டா, மழை பெய்கிறது என்பதைப்போல. “ஆலை மூடற பதினஞ்சு நாள். ஊரே காலி. பேப்பர் போடறவன்கூட இருக்க மாட்டான். வசூல்காரரும் கெளம்பிடுவாரு, அதனால முன்கூட்டியே மூணு வாரத்தையும் வாங்கிக்குவார். நாங்க எப்பவும் மோர்கம் கடற்கரைக்குத்தான்…”

நிறுத்தினாள்.

லொரெய்ன் புத்தகத்தையும் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் ஜூலை 1, ஊரைவிட்டுப் போகிறவர்கள் முன்பணம் கட்டிய நாள். மற்றதில் ஜூலை 5, ஊரில் ஈ காக்கை இல்லாத ஒரு திங்கட்கிழமை.

“நான் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தேன்” என்றாள் ப்ரெண்டா. அவள் உதடு மட்டும் அசைந்தது. “தேதியைப் பார்க்கவே இல்ல.”

“நீ ஏன்யா பார்க்கல?” என்று லொரெய்ன் டெரெக்கிடம் திரும்பினாள். “நான் லீட்ஸ்காரி, எனக்கு வேக்ஸ் தெரியாது. நீ பக்கத்து ஊர்தானே?”

“பக்கத்து ஊர் மேடம், ஆறு மைல். எங்க வேக்ஸ் ஆகஸ்ட்ல. இவங்க கடலுக்குப் போற அன்னைக்கு நாங்க வேலைக்குப் போய்க்கிட்டிருந்தோம். அதுக்காகவே இவங்களோட பேச மாட்டோம்.”

“அப்ப அவர் கையெழுத்துப் போடல” என்றாள் ப்ரெண்டா.

“அவசரப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் ரயிலேறி வந்து போட்டுட்டுப் போனார்னு கம்பெனி சொல்லும். சொல்ற ஆளுங்கதான்.” லொரெய்ன் இரண்டு தாளிலும் இருந்த ஆர்.எஸ். மீது விரலை மாறி மாறி வைத்தாள். “எனக்கு இடிக்கிறது வேற. வியாழக்கிழமை முன்பணம் வாங்கி முத்திரை குத்தினவனும் இந்த ஆள்தான். திங்கட்கிழமை சாட்சி போட்டவனும் இதே ஆள்தான். கிளெக்டன்காரன். வருஷத்துல ஐம்பது வாரம் இந்தத் தெருக்கள்லயே நடந்தவன். வேக்ஸ் எப்பன்னு மறக்கிற உள்ளூர்க்காரன் தன் பேரையும் மறந்திருக்கணும். எட்டு மாசத்துல எந்தத் தேதியை வேணும்னாலும் போட்டிருக்கலாம். போகவே கூடாத பதினஞ்சு நாளுக்குள்ள போய்க் குத்தியிருக்கான்.”

“முட்டாளா இருக்கலாமே?” என்றான் டெரெக்.

“முட்டாள் ஆல்ஃபோட டப்பாவைத் தேடிக்கிட்டு வர மாட்டான்.”

“நேத்து வந்தது சக்டன்தான்னு சொல்றீங்களா?” என்றாள் ப்ரெண்டா.

“நாலு மணிக்குத் தெரியும்” என்ற லொரெய்ன் டெரெக்கிடம் திரும்பினாள். “உங்கம்மா கிறிஸ்துமஸ் சீட்டுக் கட்டின புத்தகம் சிவப்பு அட்டைதானே?”

*

ப்ரெண்டா இப்போது வாடகைக்கு இருந்த வீடு, ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் இருபது வீடுகளில் ஒன்று. முன்பக்கம் கதவுக்குக் கதவு பித்தளை எண். பின்பக்கம் சந்து, கரி படிந்த சுவர், ஒரே பச்சை பூசிய மரக்கதவுகள். அவற்றில் எண்ணும் கிடையாது, பெயரும் கிடையாது.

டெரெக்குக்குக் கிடைத்த இடம் முற்றத்து நிலக்கரிக் கொட்டகை.

“என் முழங்காலைப் பத்தி உங்களுக்கு அக்கறையே இல்ல மேடம்.”

“உட்கார வேண்டாம். நில்லு.”

“நின்னா தலை இடிக்குது.”

“அதுக்கு நான் காப்பீடு வித்துத் தரட்டுமா?”

நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சந்தில் காலடி கேட்டது. முதல் கதவைக் கடந்தது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கடந்தது. எங்கும் தயங்கவில்லை. ப்ரெண்டாவின் முற்றத்துக் கதவு திறந்தது. ஜன்னல் கண்ணாடியில் நாணயம் மூன்று முறை தட்டியது. டொக், டொக், சற்று விட்டு, டொக்.

ப்ரெண்டா கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைத் தட்டில் வைத்தாள். “இந்தத் தட்டலை ஹரால்ட் மேஜைமேல போட்டுக் காட்டுவார்” என்று முணுமுணுத்தாள். “வியாழக்கிழமை பாட்டுன்னு.”

வந்தவருக்கு எழுபத்து மூன்று, எழுபத்து நாலு இருக்கும். சாம்பல் மழைக்கோட்டு, பச்சைக் கோப்பு, மிருதுவான குரல். மிதியடியில் காலை இரண்டு முறை துடைத்தார். உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, யாரும் கேட்காமலே தாழைத் தள்ளினார்.

“காத்து வருது பாருங்க” என்றார்.

கொட்டகையில் இருந்த டெரெக்கும் சமையற்கட்டும் அந்த நொடியில் இரண்டு நாடாயின. லொரெய்ன் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

“என் நாத்தனார்” என்று ப்ரெண்டா அவளைக் காட்டினாள்.

“ரொம்ப நல்லது. துணை இருக்கறது நல்லது. இந்த வயசுல தனியா இருந்தா, பாருங்க, ஒரு படி, ஒரு விரிப்பு, அவ்வளவுதான்.” உட்கார்ந்தார், கதவைப் பார்த்த நாற்காலியில். “என் பேரு பார்ன்ஸ். புத்தகம் கெடைச்சுதாம்மா?”

மேஜைமேல் சிவப்பு அட்டைப் புத்தகம் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. எடுத்தார், தூசி தட்டுவதுபோல ஒரு தட்டு, கோட்டின் உள்பைக்குள் போட்டார். அத்தனை சுத்தமான வேலை. பழகிய கை.

“ரசீது தருவீங்களா?” என்றாள் லொரெய்ன்.

“தபால்ல வரும்.”

“ஒரு சந்தேகம் மிஸ்டர் பார்ன்ஸ். பின்பக்கக் கேட்டுல எண் இல்லையே. நேத்து எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“எண்ணிக்கிட்டே வந்தேன்.”

“எண்ணினா பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பீங்க. ஏழும் ஒன்பதும் ஒரே கேட். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி சுவரை இடிச்சு ஒண்ணாக்கினாங்களாம், ப்ரெண்டா சொன்னாங்க. வெளியூர்லயிருந்து வர்றவங்க எல்லாரும் ஒரு வீடு தள்ளிப் போய்த் தட்டுவாங்க. அதுவும் அவங்க முன்கதவு மணியை விட்டுட்டுப் பின்பக்கம் வந்தாத்தான்.” லொரெய்ன் தன் கிண்ணத்தில் பாலை ஊற்றினாள். “எண்ணாம நேரா வர்றது இந்தச் சந்துல வியாழக்கிழமை வியாழக்கிழமை வசூலுக்கு நடந்தவர் மட்டும்தான். சர்க்கரை எத்தனை, மிஸ்டர் சக்டன்?”

அவர் கை கோட்டின் உள்பைமேல் போய் நின்றது. பிறகு அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைத்தான் லொரெய்ன் எதிர்பார்க்கவில்லை.

“ரெண்டு” என்றார். “நீங்க நாத்தனார் இல்ல.”

“இல்ல.”

“பரவாயில்ல. என் பைக்குள்ள இருக்கறது வெளியே இல்லாத வரைக்கும் நீங்க யாரா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.” எழுந்தார். அவருக்கும் தாழுக்கும் நடுவில் ஒரு எட்டு. அவருக்கும் ப்ரெண்டாவுக்கும் நடுவில் அரை எட்டு. “நல்லபடியா உட்கார்ந்திருங்கம்மா. எழுந்திருக்க வேணாம்.”

“உங்க பைக்குள்ள இருக்கறது டெரெக்கோட அம்மா கிறிஸ்துமஸ் வாத்துக்குக் கட்டின சீட்டுப் புத்தகம்” என்றாள் லொரெய்ன். “1988. ரெண்டு வாரம் பாக்கி வேற. ப்ரெண்டாவோட புத்தகம் என் வக்கீலோட பெட்டியில இருக்கு.”

சக்டன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, கடைசி வண்டியைத் தவறவிட்டவன்போல, மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வேக்ஸைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“கண்டுபிடிச்சோம்.”

“இருபத்தஞ்சு வருஷம்.” தலையை ஆட்டினார். “ஒருத்தர்கூட… ஒருத்தர்கூடப் பார்க்கல.”

லொரெய்னின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. காலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்த இடம் அதுதான். அவள் எதிர்பார்த்தது பயம். இந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம்.

“நீங்க தெரிஞ்சே போட்ட தேதி” என்றாள் மெதுவாக.

“அப்புறம்? நான் கிளெக்டன்ல பொறந்தவன்மா. எனக்கா வேக்ஸ் தெரியாது?” சக்டன் ப்ரெண்டாவைப் பார்க்காமல், அவளுடைய கைகளைப் பார்த்துப் பேசினார். “94 மார்ச்சுல மேனேஜர் கூப்பிட்டார். முப்பத்தொண்ணு கோப்பு. யார்கிட்டயும் அந்த உறுதிமொழி வாங்கல. வாங்கச் சொல்லி எங்களுக்கு எவன் சொன்னான்? செத்தவங்க, படுத்தவங்க எல்லாம் கேட்க ஆரம்பிச்சாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாப் பேப்பரும் இருக்கணும்னார். ஜன்னல் கண்ணாடியில பழைய கையெழுத்துமேல வச்சு ஒவ்வொண்ணா இழுத்தேன். தேதி மட்டும் என் இஷ்டம். முப்பத்தொண்ணுக்கும் வேக்ஸ் தேதி. ஊர்க்காரன் எவன் கண்ணுல பட்டாலும் சிரிப்பான், பொய்னு சொல்லிடுவான்னு நெனச்சேன். பேப்பரை உங்ககிட்ட காட்டுவாங்க, நீங்க சண்டைக்குப் போவீங்க, ஜெயிப்பீங்கன்னு…”

“காட்டல” என்றாள் ப்ரெண்டா.

“காட்டல. தெற்கே தலைமை ஆபீசுக்கு அனுப்பிட்டாங்க. அங்க இருக்கறவனுக்கு வேக்ஸும் ஒண்ணுதான், மத்த வாரமும் ஒண்ணுதான்.”

“நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“வேலை போயிருக்கும்மா.”

“எனக்கு வீடு போச்சு.”

லொரெய்ன் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“அன்னைக்குக் கதவைத் திறந்து வச்சீங்க. சரி. இன்னைக்கு வீடு வீடா வந்து பூட்டறீங்களே, அது எதுக்கு?”

“பேப்பரெல்லாம் வெளிய வர ஆரம்பிச்சிடுச்சு. கீழே என் பேரு இருக்கு. மேனேஜர் செத்துட்டார். கம்பெனி என் தலையில கட்டிடும். எழுபத்து மூணு வயசுல ஜெயிலா?” கைகளை விரித்தார். “தவணைப் புத்தகம் இல்லேன்னா தேதியை வச்சு யாராலயும் ஒண்ணும் நிரூபிக்க முடியாது. இன்னும் ரெண்டு நாள். அதோட யாரும் கேட்க முடியாது. ஒன்பது பேர் மறுபேச்சில்லாம கொடுத்துட்டாங்க.”

“பத்தாவது ஆல்ஃப்.”

சக்டன் தன் முன்னால் இருந்த கிண்ணத்தில் சர்க்கரையைப் போட்டார்.

“ஆல்ஃப் ப்ரெண்டா மாதிரி ஷிப்டுல இருந்தவர் இல்ல, உங்ககிட்ட நேர்ல பணம் கொடுத்தவர்” என்றாள் லொரெய்ன். “உங்க மூஞ்சி தெரிஞ்சவர்.”

“படிமேல நின்னுக்கிட்டு, டேய் சக்டன்னு கூப்பிட்டார்” என்றார் அவர். மிருதுவான குரல் அப்படியே இருந்தது. “இறங்கி வர்ற வேகத்துல விழுந்தார். நான் தொடல. சத்தியமா நான் தொடல.”

“உயிர் இருந்துச்சா?”

சக்டன் தேநீரில் கரண்டியைச் சுற்றினார். “இருந்துச்சு. கையை நீட்டினார். நான் நின்னுக்கிட்டிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

ப்ரெண்டா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். சக்டனும் எழுந்தார். தேநீர்க் கரண்டி இன்னும் கையில் இருந்தது. அது வெறும் கரண்டிதான், ஆனாலும் லொரெய்ன் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். அவர் கண்ணில் அப்போது இருந்தது எண்பத்தொரு வயதுக் கிழவன் படியடியில் கிடந்தபோது இருந்த அதே நிதானமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டின் முன்பக்கம் ஏதோ இடிந்து விழுந்ததுபோல ஒரு சத்தம். இன்னொன்று. மூன்றாவது இடிக்கு, பதின்மூன்று வருஷமாகத் திறக்காத முன்கதவு பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு திறந்தது. கூடத்தின் வழியாக டெரெக் வந்தான். தலையிலிருந்து இடுப்புவரை கரி. ஒரு கையில் நீல மிட்டாய் டப்பா, மறு கையில் ரப்பர் பட்டை போட்ட புத்தகக் கட்டு.

“மன்னிக்கணும் ப்ரெண்டா, கல்யாணத்துக்கும் வரல, சவப்பெட்டிக்கும் வரல. இவர் தாழ்ப்பாள் போட்டுட்டார், அதான் தெருவைச் சுத்தி ஓடி வந்தேன்.” மூச்சு வாங்கினான். “வழியில ஒரு கார்ல இந்த டப்பா தெரிஞ்சுது மேடம், இவர் கார். பூட்டல. ஒரு தெருவுல முப்பது தடவை ஏறி இறங்கறவங்க பூட்ட மாட்டாங்க, வசூல்காரங்க பழக்கம். போலீசுக்குச் சொல்லிட்டேன். வந்துக்கிட்டிருக்காங்க.”

டப்பாவின் மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, நடுங்கும் கையால் எழுதியிருந்தது: *ஆ. என்ட்விஸில், தொடாதே.*

சக்டன் அதைப் பார்த்தார். கரண்டியைத் தட்டில் வைத்தார். உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

*

போலீஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனபின் டெரெக் ஒரு தாளை மேஜையில் விரித்தான். காரிலிருந்த பட்டியலைப் போலீசிடம் கொடுக்குமுன் நகலெழுதி வைத்திருந்தான். முப்பத்தொரு பெயர். பதினேழு பேர்மீது கோடு.

“கோடு போட்டவங்க செத்தவங்க” என்றான். “பதினாறு கோடு பழைய மை. ஆல்ஃபோடது மட்டும் புது மை.”

லொரெய்ன் ப்ரெண்டாவின் பெயரைத் தேடினாள். கோடு இல்லை. பக்கத்தில் அன்றைய தேதி இருந்தது, கோடு விழக் காத்திருப்பதுபோல. தாளை மடித்தாள். ப்ரெண்டாவுக்குக் காட்டவில்லை.

“ப்ரெண்டா போக மீதி பதிமூணு பேர். நாளையும் நாளன்னைக்கும்தான். இன்னைக்கே ஆரம்பிச்சிடணும்.”

“பின்கதவு வழியாத்தானே மேடம்? முன்கதவுக்கு என் தோள் தாங்காது.”

ப்ரெண்டா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. பிளந்து நின்ற முன்கதவு வழியாகத் தெருவின் வெளிச்சம் கூடம்வரை வந்து விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்குத் தெரியாது” என்றாள். “இது செல்லாதுன்னு ஹரால்டுக்குத் தெரியவே தெரியாது.”

“தெரியாது” என்றாள் லொரெய்ன். “உங்ககிட்ட சொன்னதை அவரும் நம்பினார்.”

“அவரை அடக்கம் பண்ணின பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை விடாம கல்லறைக்குப் போனேன். அப்புறம் அந்தக் கம்பெனி ஆள் வந்து, உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்னு சொன்னான். அந்த வாரத்திலேர்ந்து போகல. 94, ஏப்ரல் பத்து. அன்னைக்குக் கோட்டைப் போட்டுக்கிட்டு, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டேன்.” டெரெக்கிடம் திரும்பினாள். “நீ கணக்கு எழுதினவன்தானே? எத்தனை ஞாயிறு ஆகும்?”

டெரெக் கண்ணை மூடினான். அவன் உதடு லேசாக அசைந்தது. வாயில் வேடிக்கை எதுவும் இல்லை.

“போன ஞாயிறோட சேர்த்து, ஆயிரத்து முந்நூத்தி இருபத்தஞ்சு.”

“வாரத்துக்கு ஒண்ணாக் கட்டினா?”

“முடிக்கும்போது உங்களுக்குத் தொண்ணூத்தாறு வயசு.”

“தினம் ஒண்ணு?”

“மூணு வருஷம், ஏழரை மாசம்.”

ப்ரெண்டா கொஞ்ச நேரம் யோசித்தாள், சந்தையில் முடிவாக ஒரு விலை சொல்லுமுன் யோசிப்பதுபோல.

“அது முடியும்” என்றாள்.

கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். டெரெக்கின் காதிலிருந்த பென்சிலைக் கேட்காமலே எடுத்து, சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் எழுதிவிட்டு, இருவருக்கும் முன்னால் முன்கதவு வழியாக வெளியே போனாள். லொரெய்ன் கிட்டே போய்ப் பார்த்தாள்.

ஹரால்டுக்குத் தர வேண்டியது: 1,325
செவ்வாய், வரவு: 1
பாக்கி: 1,324